கழுத்தில் நெறி கட்டினால்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மருந்துக்கடைகளில் பணியாற்றும் மருந்தாளுநர்களுக்கும் உதவியாளர்களுக்கும்,

கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை நிணநீர்க் கணுக்கள். ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று ஊரில் சொல்வது இவற்றைத்தான். உடலில் உள்ள ஏறத்தாழ 800 கணுக்களில் 300 வரை கழுத்திலேயே இருக்கின்றன. வாய், மூக்கு, தொண்டை, காது என்று கிருமி நுழையும் வாசல்களெல்லாம் தலையில் இருக்கும்போது காவல் கழுத்தில் நிற்பதில் வியப்பில்லை. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இந்தக் கணுக்களின் வழியாகச் சலிக்கப்பட்டே ரத்தத்துக்குத் திரும்புகிறது. கிருமியோ அதன் துணுக்கோ அதில் வந்து சிக்கினால் வெள்ளணுக்கள் அங்கே பெருகத் தொடங்குகின்றன. அவரை விதை அளவில் இருந்த கணு நெல்லிக்காய் அளவுக்குப் பருப்பது இப்படித்தான். ஆகவே நெறி வீங்கியிருந்தால் நோயை வேறோர் இடத்தில் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதைக் கணு இருக்கும் இடமே சொல்லிவிடும். தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே தட்டுப்படுவது டான்சிலின் நிணநீரை வாங்கும் கணு. தொண்டை கரகரத்த மறுநாளே வலிக்கத் தொடங்குவது இதுதான். தாடைக்கு அடியில் உள்ளவை கடைவாய்ப் பல், ஈறு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றுக்கு உரியவை. மோவாய்க்கு அடியில் உள்ளவை கீழுதட்டுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நாக்கு நுனிக்கும் உரியவை. பிடரியில், முடி முடியும் இடத்தில் சிறு மணிகளாக உருள்பவை பின்தலைத் தோலுக்கு உரிய கணுக்கள். பள்ளிக்குச் செல்லும் சிறுமிக்கு அங்கே நெறி கட்டினால் பல நேரம் காரணம் பேன்தான். கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகி, அந்தப் புண்ணில் கிருமி ஏறியிருக்கும். அவளுக்கு வேண்டியது பேன் மருந்து. சொத்தைப் பல்லுக்காகக் கட்டிய தாடை நெறிக்கு வேண்டியது பல் மருத்துவர். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை அட்டையைக் கொடுத்தனுப்புவதில் பொருள் இல்லை.

காறை எலும்புக்கு மேலே உள்ள குழி மட்டும் தனி. அங்குள்ள கணுக்களுக்கு நிணநீர் வருவது மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும். இடப்பக்கக் குழியில் தட்டுப்படும் கணு இரைப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ கவனித்து எழுதினார். இன்றும் அந்தக் கணு அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கழுத்தின் மற்ற இடங்களில் ஒரு சென்டிமீட்டர் வரையுள்ள கணு இயல்பாகவே இருக்கலாம். காறைக் குழியில் தட்டுப்படுவது பட்டாணி அளவே ஆனாலும், வலியே இல்லாவிட்டாலும், மருத்துவர் பார்த்தாக வேண்டியது.

கட்டி என்று பயந்து வருபவர்கள் காட்டுவது எல்லாம் கட்டியும் அல்ல. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்முனை, அதற்கு மேலே குறுக்காக ஓடும் நாவடி எலும்பு, துடிக்கும் கழுத்துத் தமனி, வயதானவர்களின் தாடைக்கு அடியில் தளர்ந்து தொங்கும் உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவை கட்டியாக எண்ணப்படுவது உண்டு. இவை இருபுறமும் ஒரேபோல இருக்கும். மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கழுத்தின் நடுவில் இருந்துகொண்டு எச்சில் விழுங்கும்போது மேலேறி இறங்கினால் அது தைராய்டைச் சேர்ந்தது. நாக்கை நீட்டும்போதும் மேலே எழும்பினால், கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கிவந்த பாதையில் எஞ்சிய நீர்ப்பை. சாப்பாட்டு வேளையில் தாடைக்கு அடியில் புடைத்து வலித்து, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும் வீக்கம் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருப்பதைக் காட்டும். புளியை நினைத்தாலே அது புடைக்கும்.

பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது நெறி அன்று. காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி. தாடைக் கோணம் தெரியாதபடி கன்னம் நிரம்பி, காதுமடல் சற்றே மேலே தள்ளப்பட்டிருக்கும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வடியும் என்பது பழைய நம்பிக்கை. வைரஸால் வரும் இந்த வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் தானே வடிந்துவிடும். புகழ் சங்கிலிக்குப் போய்ச்சேரும். ஆன்டிபயாடிக்குக்கும் இந்த நோயில் சங்கிலியின் வேலைதான்.

இனித் தொற்றின் அடையாளங்கள். சிவத்தல், வீங்கல், சூடு, வலி என்ற நான்கையும் முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் செல்சஸ் எழுதிவைத்தார். பாடப்புத்தகங்கள் இன்னும் அதே வரிசையைத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த வரிசை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது. மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கட்டியின் மேல் தோல் இறுகிப் பளபளப்பதும், சுற்றியுள்ள தோலைவிடக் கூடுதலாகக் கருத்து ஊதாச் சாயல் ஏறுவதும்தான் அங்கே சிவப்பு. சூட்டை உள்ளங்கையைவிடப் புறங்கை நன்றாக உணரும். ஒரு பக்கத்தையும் மறுபக்கத்தையும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். தொட்டதும் நோயாளி முகம் சுளிக்கிறாரா என்பது அடுத்தது. வீக்கம் எத்தனை நாளில் வந்தது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. சாதாரணப் பாக்டீரியாவும் வைரஸும் நாள் கணக்கில் வேலை செய்கின்றன. மூன்று நாளில் எழுந்த வலியுள்ள கட்டிக்கும், மூன்று மாதமாக இருக்கும் வலியில்லாத கட்டிக்கும் பொதுவாக இருப்பது இடம் ஒன்றே.

வைரஸ் சளியில் கழுத்தின் இருபக்கமும் பல கணுக்கள் சிறிதாக வீங்கும்; மெத்தென்று இருக்கும், விரலுக்கடியில் நழுவும், இலேசாக வலிக்கும். சளி போய் இரண்டு மூன்று வாரம் வரை அவை முழுவதும் கரையாமல் இருப்பதும் உண்டு. குழந்தைகளின் கழுத்து அடிக்கடி சளி பிடிக்கும் கழுத்து என்பதால், நலமாக ஓடியாடும் பிள்ளைகளில் கணிசமானோருக்குப் பட்டாணி அளவு நெறிகள் எப்போதும் தட்டுப்படும். இந்த வகைக்கு வேண்டியது பொறுமை; காய்ச்சலோ வலியோ இருந்தால் பாராசிட்டமால். தினமும் பத்து முறை தொட்டு அமுக்கிப் பார்க்கும் தாயின் விரலுக்கு ஓய்வு கொடுப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

பாக்டீரியா கணுவுக்குள்ளேயே புகுந்துவிட்டால் நடப்பு வேறு. ஒரே பக்கம், ஒரே கணு, இரண்டு மூன்று நாளில் எலுமிச்சை அளவு. குழந்தை கழுத்தைத் திருப்பாது, காய்ச்சல் அடிக்கும், சாப்பிடாது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனஸ் என்ற இரண்டு கிருமிகளே பெரும்பாலும் காரணம். மருத்துவர் தேர்ந்தெடுத்த ஆன்டிபயாடிக் இங்கே உண்மையாகவே தேவை. இரண்டு மூன்று நாளில் குணம் தெரிய வேண்டும். தெரியாமல் நடுப்பகுதி இளகி, விரலால் அழுத்தினால் தளும்பினால் கட்டி பழுத்துவிட்டது என்று பொருள். பழுத்த கட்டிக்குள் ரத்தம் ஓடாது, மருந்தும் போகாது. சீழை வெளியேற்றினால்தான் ஆறும். வீட்டில் பிதுக்குவது, ஊசியால் குத்துவது, சூடு வைப்பது, சுண்ணாம்பு அப்புவது ஆகியவை சீழை உள்ளே தள்ளி, தோலைப் பொசுக்கி, புதுக் கிருமியையும் சேர்க்கும். கழுத்துத் தோலுக்கு அடியில் கழுத்துத் தமனியும் சிரையும் அருகருகே ஓடுகின்றன. அங்கே கத்தி வைக்கும் உரிமை அறுவை மருத்துவருக்கு மட்டுமே.

கழுத்துத் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. அந்த அடையாளங்களை மட்டும் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த நோய் ஒன்று உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து சீழ் நாக்கின் அடித்தளத்துக்கு இறங்கி, தாடையின் கீழ்ப்பகுதி முழுவதையும் பலகை போல இறுக்கிவிடும். நாக்கு மேலே தூக்கப்பட்டுப் பின்னால் தள்ளப்படும். எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுவார். வாயைத் திறக்க முடியாது. குரல் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல மங்கும். படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தே இருப்பார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இந்த நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. கொன்றது பெரும்பாலும் மூச்சுக்குழல் அடைப்பு. சின்னக் குழந்தைகளில் தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால் சீழ் கட்டும்போதும் இதே நிலை வரும்: கழுத்து விறைப்பு, எச்சில் வழிதல், மூச்சிழுக்கும்போது விசில் ஒலி. இவற்றில் எதைக் கண்டாலும் மாத்திரை தேடுவதில் ஒரு நிமிடமும் கழியக் கூடாது. 108-ஐ அழைப்பதே மருந்து.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே தனியாக ஒரு சொல். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை உடையவருக்குக் கழுத்தின் ஆழத் தொற்று வேகமாகப் பரவும். காய்ச்சலும் வலியும் அதற்கேற்ற அளவில் தெரியாமலும் போகும். பல்வலி என்று நான்கு நாளாக வலி மாத்திரை வாங்கும் வாடிக்கையாளர் ஐந்தாம் நாள் தாடை வீங்கி வந்தால், அவர் வழக்கமாக மெட்ஃபார்மின் வாங்குபவர் என்பது கடைக்காரருக்கு நினைவு வர வேண்டும். அந்த நினைவு மருத்துவமனைச் சீட்டில்கூட இருக்காது.

இதுவரை சொன்னவை வலிக்கும் கட்டிகள். தமிழ்நாட்டில் கழுத்துக் கட்டியைப் பற்றிப் பேசும்போது பாதிக்கு மேல் பேச வேண்டியது வலிக்காத தொற்றைப் பற்றி. கணுக்களில் வரும் காசநோயில் செல்சஸின் நான்கு அடையாளங்களில் மூன்று இல்லை. வீக்கம் மட்டும் உண்டு. சூடில்லாமல் சீழ் பிடிப்பதால் மருத்துவர்கள் அதைக் ‘குளிர்ந்த சீழ்க்கட்டி’ என்பார்கள். நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது நிணநீர்க் கணுக் காசநோய். கணுக்களிலும் அது அதிகம் தங்கும் இடம் கழுத்து. சித்த மருத்துவம் அறிந்த ‘கண்டமாலை’ என்ற பெயரில் நோயின் தோற்றமே இருக்கிறது: கழுத்தில் மாலை கோத்தாற்போல் அடுத்தடுத்து நெறிகள். இளம்பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் துப்பட்டாவுக்குள் மறைக்கப்பட்டு மாதங்கள் கழிவதும் இதனால்தான்.

அது நடக்கும் விதம் ஒரே மாதிரியானது. முதலில் தனித்தனியாக உருளும் நெறிகள். சில வாரங்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகின்றன. கணுவின் நடுப்பகுதி பாலாடைக் கட்டி போல அழுகி, சீழாகி, ஆழத்தில் இருக்கும் உறையைத் துளைத்துத் தோலுக்கு அடியில் வருகிறது. மேலே ஒரு பை, கீழே ஒரு பை, நடுவே சிறு துளை. மேலே உள்ளதை மட்டும் கீறிவிட்டால் கீழே உள்ளது ஊறிக்கொண்டே இருக்கும். புண் ஆறாமல் மாதக் கணக்கில் நீர் வடியும். சாதாரணச் சீழ்க்கட்டிக்குக் கீறல் மருந்து. காசநோய்க் கட்டிக்கு அதே கீறல் ஆறாப் புண்ணின் தொடக்கம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் வியர்த்தல் என்று காசநோய்க்குச் சொல்லப்படும் குறிகள் கணுக் காசநோய் உள்ள பலருக்கு இருப்பதே இல்லை. பசிக்கிறது, வேலைக்குப் போகிறார், கழுத்தில் மட்டும் ஒரு கட்டி. அதனால்தான் அவர் மருத்துவரிடம் போகாமல் கடைக்கு வருகிறார்.

ஐரோப்பாவில் இந்த நோய்க்கு ‘அரசன் நோய்’ என்று பெயர் இருந்தது. இங்கிலாந்து, பிரான்சு அரசர்கள் தொட்டால் குணமாகும் என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். பின்னாளில் ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக 1712-இல் லண்டனுக்குத் தூக்கிச் சென்று ஆன் அரசியிடம் தொடவைத்தார்கள். அரசி கட்டிய பொற்காசை அவர் ஆயுள் முழுதும் கழுத்தில் அணிந்திருந்தார். நோய் தந்த தழும்பும் அங்கேயே இருந்தது. கழுத்து வீங்கினால் பொன்னைத் தேடும் வழக்கம் நம்மூருக்கு மட்டும் உரியது அல்ல போலும். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்த பிறகும், கொல்லும் மருந்து வர அறுபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மருந்து வந்தபின் நடந்த கதையில் சென்னைக்கு இடம் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிமருந்து மையம், சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று நிறுவியது. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்கு இறங்கியது அதன் பிறகே. குழந்தைகளின் கணுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும் என்று காட்டிய ஆய்வு ஒன்றும் அதே மையத்திலிருந்து 1990-இல் வெளியானது. அதற்கு முன் கொத்துக் கொத்தாகக் கணுக்களை அறுத்தெடுப்பதும், ஒன்றரை ஆண்டு மருந்து கொடுப்பதும் வழக்கத்தில் இருந்தன.

கண்டறிவதும் இப்போது கடினமில்லை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில துளி உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்ப்பார்கள். ‘எஃப்.என்.ஏ.சி’ என்று சீட்டில் எழுதுவதும், ‘ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள்’ என்று நோயாளி சொல்வதும் இதைத்தான். ரத்தச் சோதனைக்கு எடுப்பதைப் போன்ற ஊசிதான். மயக்க மருந்து வேண்டாம். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்பது அச்சம் மட்டுமே. எடுத்த நீரிலேயே ‘சிபிநாட்’ என்ற மரபணுச் சோதனையைச் செய்தால் காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கூடவே மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். நுரையீரலில் நோய் இல்லையென்றால் கழுத்துக் கட்டிக்காரரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

சிகிச்சை முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் 2018-இல் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்தது. மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். ரிஃபாம்பிசினின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. அதே ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும் என்பதைச் சொல்ல மருந்தாளுநரைவிடப் பொருத்தமானவர் இல்லை. இன்னொன்று. மருந்து சாப்பிடும்போதே கட்டி பெரிதாவதும், புதிய கட்டி கிளம்புவதும் இந்த நோயில் நடக்கும். செத்த கிருமிகளின் துணுக்குகளோடு உடல் நடத்தும் சண்டை அது; பெரும்பாலும் மருந்து தோற்றதால் வருவது அல்ல. இதைத் தெரியாதவர்கள் மூன்றாம் மாதம் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரைப் பார்க்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் பார்க்கட்டும்.

இப்போது கடையின் பக்கம். வலிக்காத கட்டிக்கு ஐந்து நாள் அமாக்சிசிலின், குறையவில்லை என்றதும் ஐந்து நாள் செஃபிக்சிம், அப்புறம் லீவோஃப்ளாக்சசின் என்று ஏறிக்கொண்டே போகும் படிக்கட்டு எல்லோருக்கும் தெரிந்தது. முதல் இரண்டும் காசநோய்க்கு வேலை செய்யாது. மூன்றாவது அரைகுறையாக வேலை செய்யும், அதுதான் கெடுதல். காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கிக் கட்டியைச் சற்றே சுருக்கி, சோதனையில் கிருமி அகப்படாமல் செய்து, மிஞ்சிய கிருமிக்கு மருந்தை எதிர்க்கவும் கற்றுக்கொடுக்கும். மருந்து கேட்காத காசநோய்க்குக் கையிருப்பில் உள்ள முக்கிய மருந்துகளில் லீவோஃப்ளாக்சசினும் ஒன்று என்பதை நினைத்தால் இழப்பு விளங்கும். இளைஞருக்குத் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தின் பின்பக்கம்கூட நெறி என்றால் அது எப்ஸ்டீன்-பார் வைரஸாக இருக்கலாம். அவருக்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கலாம். ஸ்டீராய்டு எல்லாவற்றிலும் மோசம். காசநோயையும் நிணநீர்ப் புற்றையும் ஒருசேரச் சுருக்கிக் காட்டி, பிறகு செய்யும் சதைப் பரிசோதனையையும் பயனற்றதாக்கிவிடும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் காசநோய் மருந்துகளும், செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவையும் இருக்கின்றன. சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். 2012-இல் காசநோய் அறிவிக்கப்பட வேண்டிய நோயானது. 2018-இல் காசநோய் மருந்து விற்ற விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் கடமை மருந்துக்கடைகளுக்கும் வந்தது. பதிவேட்டை ஆய்வாளர் வரும் வாரத்தில் உட்கார்ந்து எழுதும் கடைகளும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெளிநோயாளர் வரிசையில் நிற்க முடியாதவர்தான் கடைக்கு வருகிறார் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் படிக்கட்டைக் கட்டின.

வலிக்காத கட்டியில் காசநோய்க்கு அடுத்து நினைக்க வேண்டியது புற்று. நாற்பது தாண்டியவர், புகையிலையோ பான் மசாலாவோ மெல்பவர், கழுத்தின் ஒரு பக்கம் கல்போல் இறுகி அசையாத கட்டி என்றால் மூலம் வாயிலோ தொண்டையிலோ இருக்கலாம். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண், மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மல், காதில் நோய் இல்லாமலே ஒரு பக்கக் காதுவலி, விழுங்கும்போது தடை ஆகியவற்றைக் கேட்க வேண்டும். நிணநீர்ப் புற்றில் கட்டி ரப்பர் பந்து போல மீள்தன்மையோடு இருக்கும், வயதும் இளமையாக இருக்கலாம். 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த வகை இன்று பெரும்பாலும் குணமாக்கக்கூடிய புற்றுகளில் ஒன்று. அதற்கு மெல்லூசி போதாது. ஒரு கணுவை முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் வகை தெரியும். உடை நனையும் இரவு வியர்வையும், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதும் காசநோய்க்கும் இதற்கும் பொதுவான குறிகள். கையால் தொட்டு இரண்டையும் பிரித்தறிய எந்த நிபுணராலும் ஆகாது.

காய்ச்சலோடு நெறி கட்டும் சில நோய்களுக்கு நாள் கணக்கு முக்கியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐந்து நாள் விடாத காய்ச்சல், கழுத்தில் ஒரு பெரிய நெறி, சிவந்த கண்கள், வெடித்த உதடு என்றால் டோமிசாகு கவாசாகி 1967-இல் ஜப்பானில் விவரித்த நோயாக இருக்கலாம். பத்து நாளுக்குள் தக்க சிகிச்சை கிடைக்காவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி புடைத்துவிடும். தொண்டையில் சாம்பல் நிறப் படலமும், காளையின் கழுத்துப் போல இருபுறமும் வீங்கிய கழுத்தும் தொண்டை அடைப்பானின் அடையாளம்; தடுப்பூசி விடுபட்ட பிள்ளைகளிடம் இன்னும் வருகிறது. காட்டோரம், வயல்வெளி வேலைக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சலும், உடம்பில் எங்கோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கும், அதன் அருகில் நெறியும் இருந்தால் உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் தொடங்கினால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தெரியாமல் விட்டால் உயிர் போகும்.

ஆகக் கடையில் நிற்பவர் கேட்க வேண்டியவை அதிகமில்லை. எத்தனை நாளாக, வலிக்கிறதா, எந்த இடம், வளர்கிறதா, காய்ச்சல் உண்டா, பல்லும் வாயும் எப்படி, புகையிலை உண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததா, இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டார். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிதானது, இறுகியது, அசையாதது, மேல்தோல் புண்ணானது, காறைக் குழியில் இருப்பது ஆகியவற்றுக்கு ஒரு நாள் காத்திருப்பும் வேண்டாம். சளியில் வரும் மெத்தென்ற சிறு நெறிகள் தவிர, மற்றவற்றுக்கு இரண்டு வாரம் எல்லை. தொற்றின் அடையாளம் தெளிவாக இருந்து மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினாலும் அதே எல்லைதான். கட்டி முழுவதும் கரைந்ததா என்று மறுபடி பார்க்காத சிகிச்சை பாதிச் சிகிச்சை. சிறுத்தது போதும் என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு வாரம் தாண்டிய கழுத்துக் கட்டிக்கு இரண்டாவது அட்டை மாத்திரையை எடுக்காமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு எந்தக் கிழமைகளில் இயங்குகிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புமாறு மருந்தாளுநர்களை இம்மடல் கேட்டுக்கொள்கிறது. சாப்பிட்ட மருந்துகளின் பெயரையும் அதே சீட்டின் பின்புறம் எழுதிவிட்டால் அங்குள்ள மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.